நாலு கப்பும் ஒரு பழைய டிரைவரும்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். எதிர்க்கடை போர்டு கூடத் தெரியவில்லை. பாஸ்போர்ட் போட்டோ இரண்டு, லேமினேஷன் ஒன்று. அவ்வளவுதான் வியாபாரம்.

போட்டோ பேப்பர் மறுபடி சுருண்டுவிட்டது. கட்டு முழுக்க. பிரிண்டரில் வைத்தால் நடுவில் சிக்கிக் கிழிகிறது.

வெள்ளக்கடை ஊரிலிருந்து போட்டோவுக்கு வந்த ஒரு அம்மா: "ஏனுங்க, அந்தப் பொட்டி மூலையில ஓடிட்டே இருக்குதே, அது என்னங்க?" சொன்னேன். வெளிநாட்டில் மருந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி இன்டர்நெட்டில் விடுகிறார்கள். நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு துண்டை வாங்கிப் போட்டு விடையை அனுப்பும். பணம் கிடையாது, புள்ளி மட்டும். அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். "அதுக்கு கரண்டு பில்லு நீங்களே கட்டறீங்களாக்கும்?"

ஆமாம். என் கணவர் அன்வர் கட்டினார், இப்போது நான் கட்டுகிறேன்.

அவர் இறந்த பிறகு பேப்பர் அலமாரி என் பொறுப்பு. கம்ப்யூட்டர் அதன் கீழ்த்தட்டில். கணக்கு ஓடினால் கிராபிக்ஸ் கார்டு கொதிக்கும், அந்தச் சூட்டில் அலமாரி காய்ந்தே இருக்கும். ஏற்காட்டு ஈரத்துக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம். இன்று தட்டில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. மெஷின் ஓடுகிறது, சூடு இல்லை. கணக்குப் போடவில்லை என்றுதானே அர்த்தம்.

தீபாவளிக் கூட்டத்தில் நான் புள்ளிப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. இருமல் மருந்து வாங்க வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

திறந்து பார்த்தேன். வந்த துண்டெல்லாம் எடுத்த வேகத்தில் பிழை, பிழை, பிழை. இந்த மெஷினை நம்ப முடியாது என்று அவர்களும் துண்டு அனுப்புவதைக் குறைத்துவிட்டார்கள். அன்வர் பெயருக்கு நேரே வளர்ந்துகொண்டே போன கோடு புரட்டாசியில் படுத்துவிட்டது.

புரட்டாசி. குணசேகரன் கடைக்கு வந்த மாசம். குணா ஹோம்ஸ்டே நடத்துகிறவர். அவரும் அன்வரும்தான் சேர்ந்து புள்ளி சேர்க்க சேர்வராயன் அணியை ஆரம்பித்தார்கள். ஆறு பேர். தலைவர் அன்வர். பிறகு ஒருவர் ஓசூர் போய் அணியிலிருந்து விலகிவிட்டார்.

அன்றைக்கு குணா சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "ஏனுங்கக்கா, இன்னும் பழைய டிரைவரையா வெச்சிட்டு இருக்கறீங்க? புதுசு வந்திருக்குதுங்க, நொம்ப ஸ்பீடு. நகருங்க, நானே போட்டுத் தர்றேன்." நகர்ந்தேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தேன். பட்டர் பிஸ்கட்டும்.

டிரைவர் என்பது கார்டை வேலை வாங்குகிற மென்பொருள். அது புதுசானால் கார்டும் நன்றாக ஓடும் என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். இன்று கணக்குப் போடுகிறவர்களின் பக்கங்களில் தேடினால் ஊர் உலகமே அழுகிறது. எங்களுடையதைப் போன்ற பழைய கார்டுக்கு அந்தப் புது டிரைவர் ஆகாது. படம், விளையாட்டு எல்லாம் நன்றாக ஓடும், கணக்கு மட்டும் தப்பாக வரும். முந்தையதற்கே திரும்பிப் போங்கள் என்கிறார்கள்.

நவம்பர் 5, புதன்

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். புதுசைத் துடைத்து எடுத்துவிட்டுப் பழையதைத் தேடிப் போட்டேன். இரண்டு முறை ஸ்கிரீன் கறுத்துப் போனது. பயந்தே போனேன். பிறகு வந்தது. கார்டு விசிறி உறும ஆரம்பித்தது. முதல் துண்டு முடிந்தது, பிழை இல்லை.

தட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மீன் வரவில்லை. முட்டைக் குழம்பு.

நவம்பர் 6, வியாழன்

காலையில் மறுபடி ஜில். கம்ப்யூட்டர் தானாகவே புது டிரைவரை இறக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறது! யாரைக் கேட்டுப் போட்டது? வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். போட்டோ வாங்க வந்தவர் தன்னைத்தான் என்று நினைத்து இரண்டு அடி பின்னால் போனார்.

திரும்பவும் பழையது. தானாக மாற்றிக்கொள்ளும் வசதியை அடைத்துவிட்டேன். நின்றுபோன துண்டுகளைக் கேட்டு வாங்க அன்வர் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். மறந்துவிட்டது. புதுக் கடவுச்சொல் வாங்க அவருடைய மெயிலைத் திறக்க வேண்டியிருந்தது. அவர் போனதிலிருந்து நான் திறக்காத மெயில். விளம்பரக் குப்பை மலை போல. நடுவில் இது:

உங்கள் அணி உறுப்பினர் குணசேகரன் தலைமைப் பொறுப்பைத் தனக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறார். கெடுவுக்குள் நீங்கள் மறுக்காவிட்டால் அவர் எடுத்துக்கொள்ளலாம்.

கெடு வருகிற செவ்வாயோடு முடிகிறது.

இறந்துபோனவர் மெயிலுக்குக் கேள்வி அனுப்பிவிட்டு, பதில் வராது என்று தெரிந்தே காத்துக்கொண்டிருக்கிறான். முதலில் மெஷினைக் கெடுத்தான். இப்போது பெயரை எடுக்கிறான்.

மறுக்கிறேன் என்று அப்போதே அழுத்தியிருப்பேன். அழுத்தவில்லை. அவசரப்பட்டால் அவனுக்கு வலிக்காது.

நவம்பர் 7, வெள்ளி

சாயங்காலம் அவனே வந்தான். ஜெர்கின், குரங்குக் குல்லாய், வாய் நிறையச் சிரிப்பு.

"அக்கா, நாலு கப்பு வேணுமுங்க. டீ கப்பு. பிரிண்டு போட்டு."

"என்ன போடணும்?"

பேப்பரில் எழுதியே கொண்டு வந்திருந்தான். 'சேர்வராயன் அணி. தலைவர்: குணசேகரன்.'

"செவ்வாக்கெழமை நம்ம ஊட்டுல சின்ன டீ பார்ட்டிங்க. அன்னிக்குத்தான் ரூமெல்லாம் காலியா இருக்கும். நீங்களும் வரோணும். வர்றப்ப அப்படியே கப்பை எடுத்துட்டு வந்துருங்க."

நாலு கப். அவர்கள் நாலு பேர். எனக்குக் கப் இல்லை, சுமக்கிற வேலை மட்டும். "எந்தக் கலர்ங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே இனித்தது.

நவம்பர் 8, சனி

நல்ல கூட்டம். சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகள். ஏரி போட்டோ, காந்தம், சாவிக்கொத்து. காலில் வீக்கம்.

இடையில் சும்மா ஒரு பார்வை. யார் மெஷினில் என்ன கார்டு, என்ன டிரைவர் என்று கணக்குப் பக்கத்தில் போட்டிருக்கும். மறைக்காவிட்டால் யாரும் பார்க்கலாம். குணாவுடையதைத் திறந்தேன்.

பழைய டிரைவர்!

எனக்குப் புதுசைப் போட்டுவிட்டு அவன் பழையதில் ஓட்டுகிறான். கோடு ஜம்மென்று ஏறிக்கொண்டிருக்கிறது.

பழிவாங்க யோசித்தவை: கப்பில் பெயரைத் தப்பாகப் போடுவது (சின்னப் புத்தி). கைப்பிடியை லேசாக விரிசல் விட்டு வைப்பது (சூடு பட்டு அணியில் இருக்கும் முருகேசனுக்குக் கொப்புளம் வந்தால் பாவம்). அணியின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுவது (மழுப்பிவிடுவான்). நேரில், எல்லார் முன்னாலும், அவன் வீட்டு டிவியில், அவன் பஜ்ஜி வாயில் இருக்கும்போது. இதுதான்.

முருகேசன் வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அன்வரை அடக்கம் செய்த அன்று மழையில் பைக்கில் வந்து கடைசி வரை நின்றவர். அவராவது எனக்காக நாலு வார்த்தை கேட்பார்.

நவம்பர் 10, திங்கள்

கப் நாலும் தயார். ஒரு பிசிறு இல்லை. என் கையால் இவ்வளவு சுத்தமாகப் பிரிண்ட் போட்டதே கிடையாது.

நவம்பர் 11, செவ்வாய்

மத்தியானம் 'மறுக்கிறேன்' அழுத்தினேன். பிறகு தலை சீவி, நல்ல சேலை, கப் பெட்டியுடன் கிளம்பினேன். பனி அடர்த்தி. ஹோம்ஸ்டே ஹாலில் எனக்கென்று தனியாக ஒரு நாற்காலி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். "வாங்கக்கா, உக்காருங்கக்கா." முருகேசன், மஞ்சக்குட்டை வாத்தியார், வாழவந்தியில் செல்போன் கடை வைத்திருக்கும் தம்பி. மூவர் கையிலும் கப். குணா டிவியில் அணிப் பக்கத்தைத் திறந்தான்.

தலைவர்: அன்வர்.

திறந்து மூடித் திறந்து பார்த்தான். "என்னுங்க இது, மாறவே இல்ல?"

"நான் மறுத்துட்டேன்" என்றேன். "இப்ப உங்க மெஷின் பக்கத்தைக் கொஞ்சம் தொறங்க. டிரைவர் எதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

திறந்தான். நான் எழுந்து நின்றேன். மூன்று நாளாக மனப்பாடம் செய்த பேச்சு. எனக்கு ஆகாததைப் போட்டுவிட்டுத் தான் மட்டும் பழையதில் ஓட்டுகிறவர், அன்வர் உயிரோடு இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பாரா என்று. நன்றாகத்தான் பேசினேன். முடித்துவிட்டு முருகேசனைப் பார்த்தேன்.

அவர் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, நாங்க எல்லாருமே பழசுக்குப் போயிட்டமுங்களே. ஐப்பசி பொறக்கறதுக்கு முந்தியே. குணாதான் சொன்னாரு, புதுசு சரியில்ல, மாத்திருங்கன்னு."

"எங்க சொன்னாரு? குரூப்புல இல்லயே."

வாத்தியார்தான் சொன்னார்: "அது வேற குரூப்புங்க."

நான் இத்தாவில் இருந்தபோது ஆரம்பித்தார்களாம். கணவர் போன பின் நாலு மாசத்துக்கு மேல் வெளி ஆண்கள் முன் வரக்கூடாது, பேசக்கூடாது என்று கேள்விப்பட்டு, எனக்கு மெசேஜ் போடுவதும் தப்பு என்று நினைத்துத் தனி குரூப். இத்தா முடிந்து ஆறு மாசத்துக்கு மேல் ஆகிறது. குரூப் முடியவில்லை.

"உங்களுக்கு மரியாதையா இருக்கோணும்னுதாங்கக்கா," என்றார் முருகேசன். "வேற ஒண்ணும் இல்லீங்க."

குணா: "அண்ணன் கணக்கு ஒண்ணுமே வரல. நீங்க உட்டுட்டீங்கன்னு நெனச்சோம். அவரு ஆரம்பிச்சது தலையில்லாம கெடக்கோணுமா? துக்கத்துல இருக்கறவங்ககிட்ட போயி இத எப்படிங்க கேக்கறது?"

"புரட்டாசியில கடைக்குள்ள வந்து, என் சேர்ல உக்காந்து டிரைவர் போட்டீங்களே. அப்ப துக்கம் தெரியலையா?"

பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

ஒருத்தன் கெட்டவன் என்று நினைத்துப் போனேன். நாலு பேரும் சேர்ந்து, என்னை உயிரோடு ஒரு ஓரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். நாற்காலி போட்டு, எழுந்து நின்று, மரியாதையாக. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 12, புதன்

தலைவருக்கு உறுப்பினரை நீக்கும் உரிமை உண்டு. படித்துப் பார்த்தேன். ஆளை எடுத்தாலும் அவர்கள் அணிக்குச் சேர்த்த புள்ளி அணியிலேயே நிற்கும். உழைப்பு இருக்கட்டும், ஆள் வேண்டாம்.

குணா. அழுத்தினேன். சுகமாக இருந்தது. பொய் எதற்கு, நொம்ப சுகம்.

வாத்தியார். செல்போன் தம்பி.

முருகேசன் பெயரில் கை நின்றது. எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் போன்.

"அக்கா... என்னையுமா?"

"ஆமாங்க."

"தப்புத்தானுங்க. ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாம். தோணவே இல்ல."

"அதான். தோணல."

எஸ்டேட் சங்கு பின்னால் கேட்டது. வைத்துவிட்டார்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். பேப்பர் நன்றாகக் காய்ந்திருக்கிறது. தட்டு சூடு. ஒரு கல்யாண ஆல்பம் ஆர்டர்.

காலையில் அணிப் பக்கத்தைத் திறந்தேன். ஒரே பெயர். முதலிடத்திலும் அன்வர், கடைசி இடத்திலும் அன்வர். உயிரோடு இருந்தபோது தினமும் விடிந்ததும் முருகேசனுக்குப் போன் போட்டு, "என்ன ரைட்டரே, நேத்து தூங்கிட்டீங்களா?" என்று வம்பிழுத்து, அந்தச் சிரிப்போடுதான் டீ குடிப்பார். இனி அவர் யாரை முந்துவார்.

முருகேசனை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொண்டால் என்ன. ஒரு அழுத்து போதும்.

இல்லை. மாட்டேன்.