துபாசி சொன்ன ஒற்றைச் சொல்

பேச்சியின் அம்மாவுக்கு,

நான் சொல்ல, தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான செமோரின் கடைக்காரர் எழுதுகிறார். பேச்சியைப் பலவந்தம் செய்த தோட்டத்துக் கங்காணிக்கு ஈப்போ கோர்ட்டில் சிறை விதித்துவிட்டார்கள்.

ஜட்ஜு துரை கேட்டதற்கு உன் மகள் நிமிர்ந்து நின்று, "எங்கப்பனை லயத்து வீட்டை விட்டே விரட்டுவேன்னு மிரட்டினான்யா. பயந்து பேசாம இருந்தேன்," என்றாள். பேச்சை மாற்றிச் சொல்லும் துபாசி அதை இங்கிலீசில் ஒரே சொல்லில் முடித்தார். துரை எழுதிக்கொண்டார்.

பேச்சி விடவில்லை. "நான் இவ்வளவு சொன்னேன். ஒத்தச் சொல்லுல முடிச்சிட்டீங்களே, என்ன சொன்னீங்க?"

துபாசி மென்று விழுங்கினார். "சம்மதிச்சேன்னு."

"பேசாம இருந்தேன்னுதானே சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்கய்யா."

சொன்னார். துரை எழுதியதை அடித்தார். பயமுறுத்தி வாங்கியது சட்டத்தில் சம்மதமே ஆகாது என்றார். இருபத்திரண்டு வயதில் கோர்ட்டு ஏட்டையே திருத்திவிட்டாள். வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்லிவந்த நான், பின்வரிசையில் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தக் கங்காணிக்கே அவளைக் கட்டிவைத்துவிடு என்று ஊரிலிருந்து நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது; கடைக்காரர்தான் எனக்குப் படித்துச் சொன்னார். "அம்மா என்ன எழுதியிருக்கு?" என்றாள் பேச்சி. சுகம் கேட்டிருக்கிறது என்றேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு நீளத்துக்கும் அவ்வளவுதானாப்பா?"

அடுத்த கடிதத்தில் நிஜமாகவே அவளைச் சுகம் கேட்டு எழுது.

இப்படிக்கு,
பேச்சியின் அப்பன்