புதுச்சத்திரத்தில் நிற்காத பஸ்

வியாழன், இரவு

தூக்கம் வரவில்லை. சிரிப்புதான் வருகிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசிப் பழகட்டும் என்று நான் எழுதிக்கொடுத்த நாடகத்துக்கு இன்று மூன்றாவது ஒத்திகை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்தான் கதை. வகுப்புப் பெஞ்சுகள்தான் சீட்டு. பயணியாக நடிக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல், அதனால் அவளுக்குப் பதில் நான் ஏறினேன்.

கண்டக்டர் கஸ்தூரி. வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறவள், இன்று நோட்டை மூடிவிட்டு வந்து டிக்கெட் கேட்டாள். புதுச்சத்திரம் ஒன்று என்று இங்கிலீஷில் சொன்னேன். நான் எழுதியது அவ்வளவுதான். அவள் நகரவில்லை.

"மேடம், திஸ் பஸ் நோ ஸ்டாப் புதுச்சத்திரம். ஒய் யூ கெட் இன்?"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "போர்டப் பாக்காம ஏறிட்டேம்மா" என்று தமிழில் உளறிவிட்டேன்.

"மிஸ், நாடகத்துல தமிழ் பேசக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

பஸ்ஸே சிரித்தது.

சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகர் வீட்டுக்கு வரும்வரை நிஜ பஸ்ஸில் பதிலை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். மூன்று பதில் தேறியிருக்கிறது. நாளைக்கு அந்தப் பெண் காய்ச்சல் விட்டு வந்தாலும் நான்தான் ஏறுவேன்.

பதினாலு வருடமாக இங்கிலீஷ் நடத்துகிறேன். எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் ஒப்பித்திருக்கிறார்கள். பதில் வேண்டும் என்று ஒருத்தி என்னை இங்கிலீஷில் கேட்டது இன்றைக்குத்தான்.