படத்தில் இருந்த கிணறு

மாதா துணை

திண்டுக்கல்
18.6.1999

அன்புத் தம்பி ராபினுக்கு,

அக்கா ஜெயமேரி எழுதுவது. அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. முற்றம் வரை நடக்கிறார். சவுதியில் வெயில் எப்படி? இங்கே குழாயில் தண்ணீர் வந்து இரண்டு வாரம் ஆகிறது.

போனில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

ரோட்டை அகலப்படுத்த நகராட்சிக்காரர்கள் நம் முன்கட்டில் சிவப்புக் கோடு போட்டார்களே, நீ வக்கீல் வைத்து ஸ்டே வாங்கினாயே, அது அப்படியே நிற்கிறது. நம் பக்கம் தொட முடியாததால் எதிரே மைதீன் பிச்சை பாயின் கடையைப் பாதி இடித்துவிட்டார்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் ஊரார் எல்லாரும் பார்க்கப் பழைய படங்கள் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் பெட்டிக் கேமராவில் எடுத்தவை. மலைக்கோட்டை, வண்டிப்பேட்டை, அப்புறம் நம் தெரு. எவ்வளவு அகலம் தெரியுமா? நம் பக்கமாக ஒரு கிணறு, சுற்றிலும் குடத்தோடு பெண்கள். அசையாமல் நிற்கச் சொல்லியிருப்பார் போல. ஒரு குழந்தை மட்டும் அசைந்து முகமே இல்லாமல் படத்தில் பதிந்திருக்கிறது. கிணற்றுத் தூண் ஒன்றில் தலை உடைந்து, கீழே சிலுவை செதுக்கியிருக்கிறது. அதே தூண், அதே சிலுவை. தம்பி, அது நம் முன்கட்டுக் கிணறு. தாத்தா வெட்டியது என்று நாம் சொல்லிவருகிற கிணறு.

பக்கத்தில் பாய் நின்றிருந்தார். "இந்தக் கெணறு எங்கம்மா போச்சு?" என்றார். "எங்க வீட்டுக்குள்ள இருக்கு பாய்" என்று வாய் சொல்லிவிட்டது. செத்த நேரம் படத்தையே பார்த்துவிட்டுப் போனார். சண்டைக்கு வருவார் என்றிருந்தேன். மறுநாள் வழக்கம்போல் அப்பாவுக்கு ஆயக்குடிக் கொய்யா கொண்டுவந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

வக்கீல், படத்தைப் பற்றி மூச்சு விட வேண்டாம் என்கிறார். தாத்தா வளைத்துக்கொண்டாரா, தெருவே கொடுத்ததா, யாரைக் கேட்பது? அப்பாவிடம் சொன்னேன். "வெளிக்கதவத் தொறந்து வையி ஆத்தா. தண்ணியில்லாம அம்புட்டுப் பேரு அலையிறாக" என்றார்.

திறந்தேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு பாயின் மனைவி காதர் பீவி குடத்தோடு நின்று, "உள்ள வரலாமா?" என்றார். இப்போது தினமும் வரிசை நிற்கிறது.

தெருக்கிணறு என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்று வக்கீல் கோபிக்கிறார். கதவைச் சாத்தக்கூடாது என்கிறார் அப்பா. கல்யாணத்துக்கென்று நீ கட்டிய மாடி அறையும் அந்தச் சிவப்புக் கோட்டுக்குள்தான் வருகிறது. பூசையில்கூட மனம் நிற்பதில்லை. ஒரு சமயம் பாய் முகம் வருகிறது, ஒரு சமயம் உன் முகம்.

கேஸ் உன் பெயரில் இருக்கிறது. நடத்து என்று நீ சொன்னால் கோர்ட்டுக்கு வருவேன். ஆனால் படத்தைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கோபம் வந்தால் ஆறிய பிறகு எழுது. எழுதாமல் இருந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன் பக்கம் நிற்கட்டும். நானும் உன் பக்கம்தான் தம்பி, அதில் சந்தேகம் வேண்டாம்.

அன்புடன்
அக்கா ஜெயமேரி