பின்னால் வந்து இடித்த பெரியவர்

அன்புள்ள அம்மாவுக்கு உங்கள் மகளின் வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே போங்கள்.

போன வாரம் என் பார்சல் வேன் சிக்னலில் நின்றபோது பின்னால் ஒரு கார் வந்து இடித்தது. எனக்குக் கீறல்கூட இல்லை. இறங்கிப் போனால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு பெரியவர் நடுங்கிக்கொண்டிருந்தார். கார் இன்ஜினை அணைத்து, அவரை ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"திடீர்னு பிரேக் போட்டேன்னு நீயே சொல்லிடும்மா. இல்லாட்டி என் பையன் சாவியைப் பிடுங்கிடுவான்" என்று கெஞ்சினார்.

மனசு கேட்கவில்லை. ஆனால் என் லைசென்ஸை நம்பித்தானே நம் வீட்டில் அடுப்பு எரிகிறது? "பொய் சொல்ல மாட்டேன் ஐயா. ஆனா உங்க பையன் வர்ற வரைக்கும் உங்களைத் தனியா விட்டுப் போகவும் மாட்டேன்" என்றேன்.

போலீஸ்காரர் வந்ததும் பெரியவர் எழுந்து நின்றார். "இந்தப் பொண்ணு நின்னுட்டுதான் இருந்துச்சு. தப்பு என்னோடது" என்றார். என்ன கம்பீரம் அம்மா! மகன் வந்து கத்த வாயைத் திறந்தார். "உங்கப்பா உண்மையை ஒத்துக்கிட்டாருங்க. மெதுவா பேசுங்க" என்றேன். அடங்கிவிட்டார். கார் சாவியைப் பெரியவரே மகன் கையில் வைத்தார்.

பெண்பிள்ளை என்னத்தை ஓட்டப்போகிறாள் என்ற சூப்பர்வைசர், நடந்ததைக் கேள்விப்பட்டு இப்போது பெரிய வேனையே எனக்குக் கொடுத்துவிட்டார். அப்பாவிடம் சத்தமாகச் சொல்லுங்கள்.

அந்த வேனில் பக்கத்து சீட் ரொம்பப் பெரிசு, காலியாகவே கிடக்கிறது. முன்னால் ஒட்டிவைக்க உங்கள் இருவரின் போட்டோ ஒன்று அனுப்புங்கள். சிரித்த மாதிரி இருக்கட்டும். லோடு ஏற்றிவிட்டார்கள், ஓடுகிறேன்.