‘நடக்காது’ கட்டத்தில் என் அட்டை

மார்ச் 4
அப்பா வேலை பார்க்கும் குடிநீர் அலுவலகத்தில் இருபது வருஷத் தொலைநோக்குத் திட்டம் போடுகிறார்கள். போட்டோவுக்கு ஓர் இளசு வேண்டுமாம். பம்ப் ஆபரேட்டர் மகள் வீட்டில் வெட்டியாகத்தானே இருக்கிறாள் என்று என்னைப் பிடித்துவிட்டார்கள். பதவி: எதிர்காலப் பிரதிநிதி. சம்பளம்: இரண்டு பிஸ்கட்.

மார்ச் 6
சுவரில் மூன்று கட்டம் — நடக்கும், நடக்கலாம், நடக்காது. வரப்போவதை அட்டையில் எழுதிக் கொடுத்தால் அலுவலக இயக்குநர் ஒட்டுவார். ‘மழை பெய்யும், அல்லது பெய்யாது’ என்று எழுதினேன். தலையாட்டிக்கொண்டே ‘நடக்கலாம்’ கட்டத்தில் ஒட்டினார்.
அடுத்த அட்டை விளையாட்டில்லை. அப்பா தினமும் தட்டு முன்னால் புலம்புவது: பெரிய பம்ப் நிற்கும். மாற்று கிடையாது. ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் போகாது.
“என்னம்மா, வாழ்த்த வந்த பிள்ளை சாபம் விடறே?” ‘நடக்காது’ கட்டத்தில் ஒட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும். நான் ஏன் சிரித்தேன்?

ஜூன் 19
அறிக்கை அச்சாகிவிட்டது. வழவழ தாள், முகப்புப் படத்தில் என் பல். “தொலைச்சிட்டு நோக்குறதுதான் தொலைநோக்குப்பா” என்றேன். அப்பா சிரிக்கவில்லை. பம்ப் சத்தம் மாறியிருக்கிறதாம்.

ஜூலை 2
நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது மணி நேரம் தண்ணீர் இல்லை.

ஜூலை 5
அப்பாவுக்கு நோட்டீஸ்: முன்கூட்டியே ஏன் தெரிவிக்கவில்லை? வாயால் நூறு தடவை சொன்னார். எழுத்தில் ஒரு தடவைகூட இல்லை. மேற்பார்வையாளர்தான், “எழுதிக் குடுக்காதீங்கண்ணே, அப்புறம் நான் பதில் எழுதணும்” என்பாராம்.

ஜூலை 6
எழுத்தில் இருக்கிறது. அறிக்கை, பதினோராம் பக்கம், படம்: இயக்குநர் கை, என் அட்டை. என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான், ஆனாலும் படிக்க முடிகிறது.
“எடுத்துட்டுப் போங்கப்பா. யார் முழிக்கிறாங்கன்னு பாப்போம்.”

ஜூலை 11
விசாரணையில் இயக்குநர் படத்தைப் பார்த்துச் சொன்னாராம்: “பொண்ணுக்கே தெரிஞ்சிருக்கு. அப்ப உங்களுக்கு நாலு மாசம் முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் ஓட்டியிருக்கீங்க.”
சஸ்பெண்ட்.
அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்தால்தான் என்ன?

செப்டம்பர் 3
மறுபடி கூட்டமாம், மறுபடி நான் பிரதிநிதியாம். பழுது பார்த்த பம்ப் திரும்ப முனகுகிறது என்று அப்பாவின் ஷிப்ட் நண்பர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பாவைத் திரும்ப வேலையில் சேர்க்கும் கோப்பு இயக்குநர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.
“போயிட்டு வா” என்றார் அப்பா.
“என்னப்பா எழுத?”
காலியான டம்ளரைக் கழுவ எழுந்து போனார்.

செப்டம்பர் 5
‘எல்லாம் நல்லபடியாக ஓடும்’ என்று எழுதினேன். இயக்குநர் ‘நடக்கும்’ கட்டத்தில் ஒட்டி, “இப்பதான் பொறுப்பு வந்திருக்கு” என்றார்.
அப்பா திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகலாம்.