மூலைக்கு வைத்த கடைசித் துண்டு

அமீரகத்து அல் ஐனில் நேற்று பத்திரிகைக்காக ஒரு பேட்டி. பேரீச்சந் தோப்பை ஒட்டிய தேநீர்க் கடை. வெயிலில் தூசி மிதக்க, தெருவே பாதித் தூக்கத்தில் இருந்தது. எதிரே ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பொறியாளர். சமோசாவைத் தின்று முடித்தவர், கடைசி விள்ளலை மட்டும் சுவரோரமாக வைத்தார். என் பேனா நின்றது. அந்தக் கணம் எதிரே நீதான் உட்கார்ந்திருந்தாய்.

குவைத்தில், நாம் தங்கிய அப்பாசியா அறையில் நீயும் அப்படித்தான். எவ்வளவு பசியானாலும் குபூஸ் ரொட்டியின் கடைசித் துண்டு சுவர் மூலைக்கு. நம்மோடு இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி விடமாட்டான்: "என்னண்ணை, எலிக்கும் விசா எடுத்துட்டியளோ?"

"எங்க ஊட்டு வழக்கம்டா. ஊர்ல வேற யாரும் செய்ய மாட்டாங்க. ஏன்னு எங்கம்மாவுக்கே தெரியாது. மாமியா சொன்னாங்க, செய்யறாங்க."

உன் தாத்தாவின் தாத்தா, வெள்ளைக்காரர்கள் கோலாரில் தங்கச் சுரங்கம் தோண்டிய காலத்தில் அங்கே கூலிக்குப் போனவர். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் போனவர் வீட்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை என்பது ஊர்ப்பேச்சு. இன்றைக்கும் உங்கள் வீட்டுக்கு 'ஓடிப்போனவன் வீடு' என்றுதான் பெயர். உன் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் காதிலும் அதை யாரோ போட்டார்கள்.

லீவில் போனால் பாதி நாள் கோலாரில்தான் கழிப்பாய். நான் இங்கிருந்தே பழைய ஆவணங்களைத் துழாவினேன். துரைகளின் பெயர்கள் இருந்தன. கூலிகளுக்குப் பெயரே இல்லை. "அவரு ஓடலன்னு ஒரே ஒரு சாட்சி போதும் மச்சான்" என்பாய். அது கிடைக்கும் முன்பே, போன வருடம், டியூட்டிக்குக் கிளம்பிச் சட்டை மாட்டும்போது சரிந்தாய், பிறகு எழவே இல்லை.

பொறியாளரிடம் கேட்டேன். இங்கிலாந்தின் மேற்குக் கோடியில் கார்ன்வால் அவர் ஊர். சுரங்கத்தில் இறங்கும் ஆட்கள், பாறைக்குள் வாழும் குட்டிப் பூதங்களுக்குக் கடைசி விள்ளலை மூலையில் வைப்பார்களாம். "எங்கள் ஆட்கள் கோலாருக்கும் போனார்கள்" என்றார்.

தோப்பு நிழல் மேசைவரை வந்திருந்தது. உங்கள் வீட்டிலிருந்து சுரங்கத்துக்குப் போனவர் அவர் ஒருவரே. அவர் திரும்பவே இல்லை என்றால், பூமிக்கு அடியில் பழகிய அந்தப் பழக்கம் உங்கள் அடுப்படிக்கு எப்படி வந்தது?

உன் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப வந்திருக்காரு. குந்தி சாப்ட்டுட்டுத்தான் போயிருக்காரு" என்றார்.

மறுபடி போனவர் ஏன் வரவில்லை என்பதற்கு ஆதாரமில்லை. அதை நான் எழுதமாட்டேன். ஆனால் அவர் லீவில் வந்த அந்த நாள் எனக்குத் தெரிகிறது: செம்மண் படிந்த கால்கள், மடியில் குழந்தை, கடைசி வாயை மூலையில் வைக்கும் கணவனை வியந்து பார்க்கும் ஒரு பெண். அவர் போன பிறகும் அவள் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

இன்று மதியம் நானும் வைத்தேன். பூதங்களுக்கு அல்ல.