வெண்டைக்காய் நட்சத்திரம்

12-7-1971
"உங்க ஊரை வரைங்க" என்று மூன்றாம் வகுப்பு டிராயிங் பீரியடில் சொன்னேன். எல்லாச் சிலேட்டிலும் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் உதிக்கிற சூரியன். கீழ்வேளூர்ப் பக்கத்தில் மலையை எங்கே கண்டார்களாம்? வரப்பைவிட உயரமான மேடு இங்கே கிடையாது. எல்லாம் தேர்தலுக்கு எழுதின சுவரைப் பார்த்து வந்த வினை. அழிக்கச் சொன்னேன். ஹெட்மாஸ்டர் குஞ்சிதபாதம் பதறிக்கொண்டு வந்தார். ஆளுங்கட்சிச் சின்னத்தை மங்களாம்பிகை டீச்சர் அழிக்கச் சொன்னதாகப் பேச்சு வரும், எதற்கு வம்பு என்றார். இந்த மனிதர் தூக்கத்தில்கூட யாரையாவது கும்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்.

20-7
கலர் வாங்கித் தர முடியாதாம். பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரர் சிங்காரவேலு, மேனேஜர் என்று கூப்பிட வேண்டும், நாற்றுப் பறிக்கப் போகிற பிள்ளைகளுக்குக் கலர் எதற்கு என்று சொல்லியனுப்பியிருக்கிறார். வள்ளல். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் பாதி நிலத்தைப் பள்ளிக்கூடத்தின் பெயருக்கு எழுதிவைத்த வள்ளல். ஆட்சி மாறிய கையோடு கதர் போய், வேட்டியில் கறுப்பு சிவப்புக் கரை வந்துவிட்டது. இவர் மனம் வைத்தால்தான் என் வேலை நிரந்தரம். அதனால் பார்க்கிற இடத்தில் வணக்கம் சொல்கிறேன். சொல்லிவிட்டு இங்கே வந்து எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

27-7
கலர் இல்லாவிட்டால் என்ன. ஆளுக்கொரு துண்டு மஞ்சள் கொண்டுவரச் சொன்னேன். வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பு என் செலவு. கல்லில் உரைத்துக் கரைத்து, முதலில் மஞ்சளை மட்டும் தாளில் பூசினோம். பிறகு கிண்ணத்தில் சுண்ணாம்பு ஒரு விரல்நுனி. சிவந்தது. செவ்வந்தி என்ற பெண், "டீச்சர், ஆரத்தி" என்று எழுந்து நின்றுவிட்டாள். ஆமாம், கல்யாண வீட்டு ஆரத்திதான். சுண்ணாம்பைக் கூட்டியும் குறைத்தும் ஆளுக்கொரு சிவப்பு செய்தார்கள். பாடத்திட்டத்தில் இதெல்லாம் இல்லை. அதில் இருப்பது: பூந்தொட்டி, பார்த்து வரைக.

5-8
இன்று அச்சு. வெண்டைக்காயைக் காம்புப் பக்கமாகக் குறுக்கே நறுக்கி, கொழகொழப்புப் போகப் பழைய பேப்பரில் ஒற்றி, சாயத்துணியில் தொட்டு, தாளில் மெல்ல வைத்து எடுக்க வேண்டும். அழுத்தினால் கெட்டது. முதலில் போட்டதெல்லாம் சேறு. செவ்வந்திதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். ஐந்து முனையும் தெளிவாக விழுந்தன. அதைப் பார்த்து எல்லோருக்கும் கைவந்துவிட்டது. புடவைக் கரை மாதிரி வரிசை வரிசையாக அடித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. வெட்கக்கேடு, போயும் போயும் வெண்டைக்காய்க்கு.

6-8
செவ்வந்தியின் அப்பா இராஜாங்கம் காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்றார். குழம்புக்கு வைத்திருந்த காயைப் பெண் எடுத்து வந்துவிட்டாள் என்று சத்தம் போட்டார். நான் விளக்கினேன். நம்பாமல் போனார்.

15-8
கொடியேற்ற வந்த மேனேஜர் கொடியைப் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்புச் சுவரைப் பார்த்தார். நான் ஒட்டிவைத்த தாள்கள், சுவர் முழுக்கச் சிவப்பு, ஐந்து முனை. குறுவை அறுப்புக்குக் கூலியை உயர்த்தாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று சங்கத்து ஆட்கள் நிற்கிற நேரத்தில், செங்கொடிக்காரன் நட்சத்திரம் என் பள்ளிக்கூடத்துச் சுவரிலேயா என்று கேட்டார். வெண்டைக்காய் என்றேன். காதில் வாங்கவில்லை. எல்லாவற்றையும் கிழித்தார்கள். பிள்ளைகள் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். முட்டாள், காய்கறிக்குப் பயப்படுகிற முட்டாள். அவர் வேட்டிக் கரையில் பாதி சிவப்புதான். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

16-8
சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து பாராட்டினார்கள். துணிச்சல்காரியாம் நான். சட்டையில் குத்திக்கொள்ள நட்சத்திரம் அடித்துத் தர முடியுமா என்றார்கள். ஐயா, அது வெண்டைக்காய் என்றேன். புரிந்துவிட்டது என்பதுபோல ஒருவர் கண்ணடித்தார். இந்த ஊரில் ஒருவருக்காவது கண் இருக்கிறதா?

18-8
வெண்டைக்காயும் கத்தியுமாக மேனேஜர் வீட்டுக்குப் போனேன். மக்குப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற பொறுமையோடு அவர் எதிரில் நறுக்கிக் காட்டினேன். அவர் மனைவி பிரகதாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. அந்த அம்மாளை உள்ளே போகச் சொல்லிவிட்டு மெதுவாகப் பேசினார்.

"வெண்டைக்காய்னு அன்னைக்கே தெரியும்மா. எங்க வீட்லயும் சாம்பார் வைக்கிறாங்க."

சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள் இராஜாங்கம். அவன் பள்ளிக்கூடத்துக்கு வந்து, மிரட்டி, பிள்ளைகளை வைத்துக் கட்சி நட்சத்திரம் அடிக்க வைத்தான் என்று நான் போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல வேண்டுமாம். அறுப்பு முடிகிறவரை உள்ளே இருப்பான். நான் அடுத்த மாதமே நிரந்தரம்.

முட்டாள் என்று எழுதினேனே இந்த மனுஷனை. அவர் எங்கே முட்டாள்? கத்தியும் காயுமா போய் நின்னேனே, நான்தான்.

19-8
இராஜாங்கம் வாசலுக்கு வந்தது உண்மை. குரலை உயர்த்தினதும் உண்மை. பாதி உண்மை கையில் இருக்கிறது, மீதியைச் சேர்த்துக்கொண்டால் போதும் — சீ, என்ன கணக்கு இது? ஆனால் அந்த ஆளுக்காக நான் ஏன் வேலையை விடணும்? எனக்கு என்ன உறவா, ஒட்டா? தாராசுரத்துல அப்பா ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான், நிரந்தரம் ஆயிடுச்சான்னு. அவர்கிட்ட என்னன்னு சொல்றது? செவ்வந்தி இன்னைக்கும் முன்வரிசைல உக்காந்து, அடுத்து என்ன காய் டீச்சர்னு கேட்டா. பயமா இருக்கு.

20-8
ஸ்டேஷனுக்குப் போனேன். காய் கொண்டுவரச் சொன்னது நான், நறுக்கினது நான், சிவப்பு செய்யச் சொல்லிக்கொடுத்ததும் நான், இராஜாங்கம் வகுப்புக்குள் வரவே இல்லை என்றேன். ரைட்டர் "வெண்டைக்காயா?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு எழுதிக்கொண்டார்.

10-9
நாளையிலிருந்து வர வேண்டாமாம். டிராயிங் வகுப்பையே எடுத்துவிட்டார்கள். மேனேஜர் வரவில்லை, ஹெட்மாஸ்டர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்ததும் கொஞ்சம் தயங்கி, மஞ்சளுக்குச் சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்டார். பேத்திக்குச் செய்துகாட்ட வேண்டுமாம். வெட்கம் கெட்ட மனுஷன். சொல்லித் தொலைத்தேன்.

14-9
கூலியை உயர்த்த ஒத்துக்கொண்டார்களாம், அறுப்பு தொடங்கிவிட்டது. டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றேன். தலையில் கதிர்க்கட்டோடு வந்த இராஜாங்கம் என்னைப் பார்த்து நின்றார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஊருக்குங்களா டீச்சர்? லீவா?"

லீவுதான் என்றேன்.

"போயிட்டு வாங்க. வந்து, காய்கறிய வச்சு விளையாட விடாம, புள்ளைங்களுக்கு நாலு எழுத்து சொல்லிக்குடுங்க."

சரிங்க என்றேன். பஸ் வந்துவிட்டது.